சித்தியும் பச்சை ஒட்டகங்களும்

எங்கள் சித்தியின் முகத்தைப் பார்ப்பவர்களுக்கு, அவள் மூக்கடியில் யாரோ அழுகிய முட்டையைப் பிடித்துக்கொண்டு நிற்பதாகத் தோன்றும். தூங்கும்போதும் அதே முகம்தான். சின்ன வயதில், அவள் அசந்து தூங்கும் மதிய நேரங்களில், அந்த மூக்குச் சுளிப்பை ஆள்காட்டி விரலால் நீவி நேராக்கப் பார்த்திருக்கிறேன். விரலை எடுத்ததும் அது பழைய இடத்துக்கே போய்விடும். அம்மா வேலைக்காக வெகுதூரம் போனதிலிருந்து நான் அந்த முகத்தடியில்தான் வளர்ந்தேன். அலுவலகத்தில் அவளுக்கு 'ச்சை அக்கா' என்று பெயர். ஒரு நாளைக்கு எத்தனை 'ச்சை' சொல்கிறாள் என்று எண்ணப் பார்த்துத் தோற்றவர்கள் வைத்த பெயர் அது.

அலுவலகம் என்பது ஒரு மெத்தைக் கடைக்கு மேலே மூன்றாவது மாடி. படியேறும்போது கீழிருந்து ரப்பரும் பஞ்சும் கலந்த நாற்றம் துணைக்கு வரும். மேலே போய்ச் சேர்ந்ததும் அந்த நாற்றமே தேவலை என்று ஏக்கம் வந்துவிடும். ஏசி ஒழுகி ஒழுகி ஊறிப்போன தரைக் கம்பளம், ஈரநாய் போல மணக்கும். ஹெட்போன்களின் காதுப் பஞ்சு உதிர்ந்து அடுத்தவர் தலையெண்ணெய் நம் காதில் ஒட்டும். கீபோர்டைக் கவிழ்த்துத் தட்டினால், யார் யாரோ தின்ற பிஸ்கட்டின் தூள் கொட்டும். ஓர் எறும்புக் குடும்பம் அதை வைத்துக் கல்யாணமே நடத்தலாம். இதற்கெல்லாம் மேலே குடிதண்ணீர் என்று ஒன்று. மூலையில் இருந்த குழாயைத் திறந்தால் முதலில் ஒரு இருமல் சத்தம், பிறகு தண்ணீர். பிடித்துச் சற்று வைத்தால் டம்ளரில் பச்சையாக, நூல் மாதிரி ஒன்று மெல்ல ஆடும். மொட்டைமாடித் தொட்டியில் என்ன இருக்கிறது என்று போய்ப் பார்க்க எவருக்கும் தைரியம் இல்லை. பாதிப் பேருக்கு வாரம் தவறாமல் வயிறு கெட்டது.

வேலை சுலபம். திரையில் ஒரு வாக்கியம் வரும். சரி என்றால் கீபோர்டில் பச்சை ஸ்டிக்கர் ஒட்டிய பொத்தான். தவறு என்றால் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டிய பொத்தான். இரண்டில் ஒன்றை அழுத்தினால்தான் அடுத்த வாக்கியம். எங்கேயோ இருக்கும் ஒரு கணினிக்கு எது மெய், எது பொய் என்று சொல்லிக்கொடுக்க இந்தப் பதில்களைச் சேர்க்கிறார்களாம். பன்னிரண்டாம் வகுப்பைப் பாதியில் விட்ட நான் அந்தக் கணினிக்கு வாத்தியார். அதை நினைத்தால் எனக்கே அந்தக் கணினி மேல் பாவமாக இருக்கும்.

இந்த வேலையில் ஒரு விதி உண்டு. ஒரே வாக்கியம் ஒரே நேரத்தில் மூன்று பேருக்குப் போகும். மூவரில் இருவர் எதை அழுத்துகிறார்களோ அதுதான் உண்மை. ஒத்துப்போகாத மூன்றாமவருக்கு மதிப்பெண் குறையும். இதை 'மேட்ச்' என்பார்கள். மேட்ச் ரொம்பவும் இறங்கினால் ஓர் எச்சரிக்கை. அதற்கும் ஏறாவிட்டால் நாற்காலியைத் துடைத்து அடுத்தவருக்குக் கொடுத்துவிடுவார்கள். துடைக்காமலும் கொடுப்பார்கள்.

எங்கள் வரிசையில் மூன்று பேர்: செருமல் அண்ணன், நான், சித்தி.

செருமல் அண்ணனுக்கு அந்தப் பெயர் சும்மா வரவில்லை. பேசிப் பதிலை ஒப்பிடக்கூடாது, மேலே கேமரா இருக்கிறது. தொண்டையைச் செருமக்கூடாது என்று எந்தக் கேமராவும் சொல்ல முடியாதே! ஒரு செருமல் என்றால் சரி. இரண்டு செருமல் என்றால் தவறு. முன்வரிசை, பின்வரிசை எல்லாவற்றிலும் இப்படி ஏதாவது இருந்தது. ஒருவர் பேனாவைத் தட்டுவார், இன்னொருவர் நாற்காலியைக் கிறீச்சிட வைப்பார். புதிதாக வருபவர்கள் இது ஏதோ நோயாளிகள் விடுதி என்று பயந்து போவார்கள். நான் வந்த முதல் வாரத்திலேயே செருமலுக்குத் தகுந்தபடி அழுத்தப் பழகிவிட்டேன். வாக்கியத்தைப் படிக்கவே தேவையில்லை. பாதி நேரம் மேஜைக்கடியில் காகிதத் தவளை மடித்துக்கொண்டிருப்பேன்.

சித்தி மட்டும் படிப்பாள். மூக்கைச் சுளித்துக்கொண்டு, உதட்டை அசைத்து, ஒவ்வொரு வாக்கியத்தையும் மீன் வாங்குபவள் செவுளைத் தூக்கிப் பார்ப்பது போலப் புரட்டிப் பார்ப்பாள். பிறகு 'ச்சை' என்றபடி ஒன்றை அழுத்துவாள். பாதி நேரம் அது எங்கள் இருவருக்கும் எதிராக இருக்கும்.

ஒரு நாள் திரையில் இப்படி வந்தது: 'எல்லா மீன்களும் பறக்கும். சுறா ஒரு மீன். ஆகவே சுறா பறக்கும். முதல் இரண்டும் உண்மை என்று வைத்துக்கொண்டால் மூன்றாவது வந்தே தீரும்.'

அண்ணன் இரண்டு முறை செருமினார். நான் சிவப்பை அழுத்தினேன். சித்தி பச்சை.

தேநீர் இடைவேளையில் கேட்டேன். "ஏன் சித்தி, சுறா பறக்குமா?"

"பறக்காது."

"அப்புறம் எதுக்குப் பச்சை?"

"சுறா பறக்குமான்னா கேட்டான்? மொத ரெண்டையும் ஒத்துக்கிட்டா மூணாவது வருமான்னு கேட்டான். வரும். கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லணும். கேக்காத கேள்விக்குப் பதில் சொல்றவங்களைப் பார்த்தாலே எனக்குக் குமட்டும்."

செருமல் அண்ணன் தேநீரை ஊதிக்கொண்டே சொன்னார்: "அக்கா, நீங்க சொல்றது சரியாவே இருக்கட்டும். நாங்க ரெண்டு பேரு. சுறா எங்க பக்கம்."

"உங்க பக்கம் வர்ற சுறா உங்களைத்தான் மொதல்ல கடிக்கும்" என்றாள் சித்தி.

அவளுடைய மேட்ச் இப்படித்தான் இறங்கிக்கொண்டே போனது. அதை இறக்கும் இரண்டு பேரில் ஒருத்தி நான். ஒன்றிரண்டு முறை அவள் திரையை ஓரக்கண்ணால் பார்த்து அவள் அழுத்தியதையே அழுத்திப் பார்த்தேன். அன்று வீட்டுக்கு வரும் வழியில் என் காதைப் பிடித்துத் திருகினாள்.

"ஏய் வாலு, படிச்சுப் பார்த்து அழுத்துனியா, என்னைப் பார்த்து அழுத்துனியா?"

"ஆ! உன்னைப் பார்த்துத்தான். உனக்காகத்தான்."

"எனக்காக அழுத்துனா அதுவும் செருமல்தான். அவன் தொண்டைக்கு ஆடுற, இல்ல என் மூஞ்சிக்கு ஆடுற. ரெண்டும் ஒண்ணு. உனக்குத் தோணுறத அழுத்து."

எனக்கு எதுவும் தோன்றுவதில்லை என்பதை அவளிடம் எப்படிச் சொல்வது?

பச்சை ஒட்டகம் வந்தது அதற்குப் பிறகுதான். வாக்கியம்: 'ஓர் அறையில் ஓர் ஒட்டகம்கூட இல்லை. அந்த அறையில் உள்ள ஒட்டகங்கள் எல்லாம் பச்சை நிறம்.' இரண்டாவது வாக்கியம் சரியா, தவறா என்பது கேள்வி. அண்ணன் இரண்டு முறை செருமினார்; அத்துடன் சிரிப்பும் வந்து மூன்றாவதாக ஒரு சத்தம் போட்டார். சித்தி பச்சை அழுத்தினாள். நான் அன்று மதியம் முழுவதும் அவளை விடவில்லை.

"ஒட்டகமே இல்லாத எடத்துல பச்சை ஒட்டகமா? உனக்கு வெயில் ஏறிடுச்சு சித்தி."

"தப்புன்னு சொல்றியா? அப்போ பச்சையா இல்லாத ஒரு ஒட்டகத்தை அங்கேயிருந்து பிடிச்சுட்டு வா."

"அங்கதான் ஒட்டகமே இல்லையே."

"அப்போ எதை வச்சுத் தப்புங்கற? தப்புன்னு காட்டணும்னா ஒரு ஒட்டகமாவது வேணும். இல்லாத வரைக்கும் அவன் சொல்றது சரிதான். பச்சைன்னாலும் சரி, செகப்புன்னாலும் சரி, மீசை வச்சிருக்குன்னாலும் சரி." இதைச் சொல்லும்போது அவள் முகம் என்றைக்கும் இல்லாத அளவுக்குச் சுருங்கியது. "சரிதான். ஆனா ச்சை... இதைவிட அசிங்கமான சரி உலகத்துல கெடையாது."

அவளுக்கு அந்த ஒட்டகத்தின் மேல் அப்படி என்ன கோபம் என்று எனக்கு அப்போது புரிந்தது. ஏனென்றால் எனக்குச் சித்தப்பாவைத் தெரியும்.

சித்தப்பாவை நல்ல மனிதர் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். குடிக்க மாட்டார், அடிக்க மாட்டார். எதுவுமே செய்ய மாட்டார். சித்தி காய்ச்சலில் கிடந்தால், கதவருகே நின்று 'டாக்டர்கிட்ட போறதுன்னா போ' என்பார். வீடு மாற்றலாமா என்றால் 'பார்க்கலாம்' என்பார். தட்டில் கை கழுவிவிட்டு, அந்தத் தண்ணீர் மேஜையில் வழிய, அப்படியே எழுந்து போவார். அந்தத் தட்டை நானும் எடுத்திருக்கிறேன், சோற்றுப் பருக்கை மிதக்கும். சித்தி எதையாவது கேட்டுச் சண்டை வந்தால் நெஞ்சை நிமிர்த்தி ஒரே வாக்கியம் சொல்வார்: "உனக்குக் கொடுத்த வாக்குல ஒண்ணைக்கூட நான் மீறினதில்லை. சொல்லு, எதை மீறினேன்?"

சித்தி யோசித்து யோசித்துப் பார்ப்பாள். ஒன்றும் அகப்படாது. ஏனென்றால் அவர் ஒரு வாக்கும் கொடுத்ததே இல்லை. எல்லாவற்றுக்கும் 'பார்க்கலாம்'தான். ஆகையால் அவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. அந்தச் சரியோடு பத்துப் பன்னிரண்டு வருடம் படுத்து எழுந்தவள் என் சித்தி. ஒரு நாள் துணிப்பையையும் என்னையும் தூக்கிக்கொண்டு வெளியே வந்தாள். வந்து வாடகைக்குப் பிடித்ததுதான் நாங்கள் இருக்கும் ஒற்றை அறை. அந்த அறை நிற்பது மெத்தைக் கடைக்கு மேலே உள்ள அவளுடைய நாற்காலியில். நாற்காலி போனால் அறை போகும். அறை போனால், போக இருக்கும் இடம் அவர் வீடு ஒன்றுதான். அவரும் மாதம் ஒரு முறை வந்து, வாசற்படியில் நின்று, ஹெல்மெட்டைக் கழற்றாமலேயே, "கதவு தெறந்துதான் இருக்கு. நான் போகச் சொல்லலையே" என்று சொல்லிவிட்டுப் போவார். அதுவும் சரிதான். அவர் போகச் சொல்லவில்லை.

சித்தி எல்லாம் தெரிந்தவள் என்று நினைத்துவிடாதீர்கள். அவளும் சறுக்குவாள். 'கண்ணாடி என்பது மிக மெதுவாக வழியும் திரவம். அதனால்தான் பழைய ஜன்னல் கண்ணாடிகள் அடியில் தடித்திருக்கின்றன' என்று ஒரு வாக்கியம் அடிக்கடி வரும். பள்ளியில் யாரோ சொன்னதை நம்பி அவள் பச்சையை அழுத்திக்கொண்டே இருந்தாள். அண்ணனும் ஒரு முறைதான் செருமுவார். மூவரும் ஒற்றுமையாகக் கண்ணாடியை வழியவிட்டோம். சித்தியின் மேட்ச் அந்த வாரம் மட்டும் ஜம்மென்று ஏறியது. மேனேஜர்கூட அவள் தோள் பக்கமாக வந்து, "வெரி குட் மேடம், இப்படித்தான் இருக்கணும்" என்றார். பிறகு ஒரு நாள் அது கட்டுக்கதை என்று எங்கேயோ படித்துத் தெரிந்துகொண்டாள். அந்தக் காலத்தில் கண்ணாடியைச் சமமாக வார்க்கத் தெரியாது, தடித்த பக்கத்தைக் கீழே வைத்துப் பொருத்தினார்கள், அவ்வளவுதான் விஷயம்.

அன்று அவள் சாப்பிடவில்லை. எங்கள் அறை ஜன்னல் கண்ணாடியைத் துணியால் தேய்த்துக்கொண்டே இருந்தாள்.

"விடு சித்தி. ஒரு கண்ணாடிதானே?"

"நான் தப்பு பண்ணினது பெருசில்லை, வாலு. தப்பு பண்ணினப்பத்தான் எனக்கு நல்ல பேரு கெடைச்சது பாரு. அதை நெனைச்சாத்தான் வாந்தி வருது."

துணியின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு நானும் தேய்த்தேன்.

அடுத்து நடந்ததுதான் கொடுமை. செருமல் அண்ணனுக்கு உண்மையாகவே சளி பிடித்துவிட்டது. காலையிலிருந்தே அவர் தொண்டை அவர் பேச்சைக் கேட்கவில்லை. ஒன்று செரும நினைத்தால் இரண்டு வந்தது. இரண்டு செரும நினைத்தால் ஒரு பெரிய தொடர்வண்டி போனது. நான் காகிதத் தவளைக்குக் கால் மடித்துக்கொண்டே கேட்ட சத்தத்துக்கெல்லாம் அழுத்தினேன். அண்ணனோ வரிசை பிசகக்கூடாது என்று, தன் தொண்டையிலிருந்து எத்தனை வந்ததோ அதற்குத் தகுந்தபடியே தானும் அழுத்தியிருக்கிறார். அவர் தொண்டைக்கு அவரே அடிமை! அன்று எங்கள் வரிசைக் கணக்கில் திமிங்கிலம் பாலூட்டி அல்ல. சூரியன் ஒரு கோள். இரும்பு தண்ணீரில் மிதக்கும். இரண்டை மூன்றால் பெருக்கினால் ஆறு என்பது வதந்தி. எல்லாவற்றுக்கும் இரண்டு ஓட்டு. எல்லாமே உண்மையாகிக் கணினிக்குப் போய்ச் சேர்ந்தன. எங்கள் மேட்ச் பிரமாதம். எல்லாவற்றையும் ஒழுங்காக அழுத்திய சித்தியின் மேட்ச் பாதாளத்துக்குப் போனது.

மேனேஜர் அவளைக் கண்ணாடி அறைக்குக் கூப்பிட்டார். அவரை நாங்கள் 'வழவழ' என்போம். தலையில் ஒரு வழவழப்பு, பேச்சில் ஒரு வழவழப்பு, கைகொடுத்தால் அதிலும் ஒரு வழவழப்பு. கொடுத்த கையை உடனே கழுவத் தோன்றும், ஆனால் கழுவ அந்தத் தண்ணீர்தான் இருக்கிறது. கதவு சரியாக மூடாது என்பதால் எங்களுக்கு எல்லாம் கேட்டது.

"மேடம், திமிங்கிலத்துல போட்டுட்டீங்களே."

"திமிங்கிலம் குட்டிக்குப் பால் குடுக்குது சார். அதுக்கு நான் என்ன பண்றது?"

"இருக்கலாம். ஆனா உங்க வரிசையில ரெண்டு பேரு இல்லைங்கறாங்களே. ஒருத்தர் சொல்றதை வச்சு நாங்க எப்படி முடிவு பண்றது? இது உங்களுக்கு எச்சரிக்கை. அடுத்த தடவை என் கையில இல்லை."

அவள் வெளியே வந்து உட்கார்ந்ததும் அண்ணன் மூக்கைச் சிந்திக்கொண்டு, "அக்கா, மன்னிச்சுக்குங்க, சளி" என்றார். உண்மையிலேயே அழப்போகிறவர் போல இருந்தார். இரண்டு பிள்ளைகளைத் தனியாக வளர்ப்பவர். மேட்ச் இறங்கினால் அவருக்கும் நாற்காலி போகும்.

"தொடைச்சுக்கோ மொதல்ல. மேஜையெல்லாம் வழியுது. ச்சை" என்று தன் கைக்குட்டையை அவர் பக்கம் எறிந்தாள் சித்தி.

சில நாட்களில், வேலை கொடுக்கும் வெளியூர்க் கம்பெனியிலிருந்து மூன்று பேர் எங்களைப் பார்வையிட வருகிறார்கள் என்று சொன்னார்கள். ஈரநாய்க் கம்பளத்தின் மேல் வாசனைத் திரவம் அடிக்கப்பட்டது. இப்போது அது குளிக்காமல் சென்ட் போட்ட நாய். வாசலுக்கு எதிரே புதிதாக ஒரு பலகை மாட்டினார் வழவழ. நீல எழுத்தில் பெரிதாக: 'எங்கள் ஊழியர்கள் அளித்த புகார்கள் அனைத்தும் தீர்க்கப்பட்டுவிட்டன.'

நான் வாய்விட்டுச் சிரித்தேன். அங்கே யாரும் புகார் அளித்ததே கிடையாது. அளிக்க முடிந்தால்தானே? தண்ணீரைப் பற்றிச் சொல்லப் போனவர்களிடமெல்லாம் வழவழ, "இது புகார் இல்லை, உங்க கருத்து. கருத்துக்கு ரொம்ப நன்றி" என்று கைகொடுத்து அனுப்பிவிடுவார். புகார் ஒன்றுகூட உள்ளே நுழைந்ததில்லை.

சித்தி பலகையின் முன்னால் வெகுநேரம் நின்றாள்.

"என்ன சித்தி, உன் ஒட்டகமா?"

"அதே ஒட்டகம்தான். பச்சைப் பெயின்ட் அடிச்சுச் சொவத்துல மாட்டிட்டான்."

வந்தவர்கள் எங்களைச் சோதிக்கவும் எங்கள் வழியையே பிடித்தார்கள். அலுவலகத்தைப் பற்றிச் சில வாக்கியங்களைத் திரையில் அனுப்புவார்கள். நாங்கள் சரியா தவறா என்று அழுத்த வேண்டும். வரிசைக்கு வரிசை, இரண்டு பேர் சொல்வதுதான் முடிவு. அன்று காலை வழவழ ஒவ்வொரு வரிசையாகக் குனிந்து குனிந்து பேசிவிட்டு வந்தார். எங்கள் வரிசையில் சித்தியிடம் மட்டும் தனியாக.

"மேடம், பலகையில இருக்கறது கடைசியா வரும். நல்லாப் படிச்சுப் பாருங்க. உங்க கணக்குப்படியே அது சரிதான், இல்லையா? பொய் சொல்லச் சொல்லலை. சரியைச் சரின்னு அழுத்துங்க. உங்க பழைய மேட்ச் எல்லாத்தையும் நானே நேர் பண்ணிடறேன்."

எனக்கு ஒரு நிம்மதி. முதல் தடவையாக உண்மை, நாற்காலி, எங்கள் அறை எல்லாம் ஒரே பொத்தானுக்குக் கீழே இருந்தன. ஒரே ஒரு பச்சையை அழுத்தினால் போதும். சித்தப்பாவின் ஹெல்மெட்டை வாழ்நாள் முழுவதும் வாசலோடு அனுப்பலாம். பொய்யும் இல்லை.

சித்தியின் முகத்தைப் பார்த்தேன். முட்டை இன்னும் மூக்கடியிலேயே இருந்தது.

வந்த மூவரும் அறையைச் சுற்றினார்கள். வழவழ முன்னால் நடந்து எல்லாவற்றையும் காட்டினார். அவருடைய கோட்டின் முதுகில், பொத்தானுக்கு ஒட்டும் சிவப்பு ஸ்டிக்கர் ஒன்று, 'தவறு' என்று எழுதியபடி, ஒட்டியிருந்தது. யார் ஒட்டியிருப்பார்கள் என்று இங்கே சொல்வது அவசியமில்லை. வந்தவர்களில் ஒரு பெண்மணி அதைப் பார்த்துவிட்டு உதட்டைக் கடித்துக்கொண்டார்.

வாக்கியங்கள் வர ஆரம்பித்தன. 'விளக்குகள் போதுமானவை.' ஒரு செருமல். 'நாற்காலிகள் வசதியானவை.' ஒரு செருமல். கடைசியில் பலகை வாக்கியம் திரைக்கு வந்தது.

சித்தி எழுந்தாள். மூலைக்குப் போய்க் குழாயைத் திறந்தாள். அது இருமியது. ஒரு கண்ணாடி டம்ளரில் தண்ணீர் பிடித்து, இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு, வந்தவர்கள் நின்ற இடத்துக்கே போனாள். அவர்கள் எதிரில் இருந்த மேஜையில் வைத்தாள். பச்சை நூல் தண்ணீரில் நெளிந்து, நிதானமாக நின்றது. வெளியூர்க்காரர் ஒருவர் தன்னையறியாமல் கைக்குட்டையை வாய்க்குக் கொண்டுபோனார்.

"சார், இந்தத் தண்ணியக் குடிச்சு எங்களுக்கு வயிறு கெட்டுப்போகுது. இது என்னோட புகார்" என்றாள் வழவழவிடம்.

"மேடம், இந்தக் கருத்தை நாம அப்புறமா..."

"கருத்து இல்ல சார். புகார். இவங்க மூணு பேரு காதுலயும் விழுந்தாச்சு. ரெண்டு பேரு போதும்னுதானே நீங்க சொல்வீங்க? இங்க மூணு."

சித்தி திரும்பி வந்து தன் நாற்காலியில் உட்கார்ந்து, திரையைப் படித்தாள். உதட்டை அசைத்து, முழுதாக, முதல்முறை பார்ப்பது போல. பிறகு சிவப்பை அழுத்தினாள்.

செருமல் அண்ணனிடமிருந்து ஒரே ஒரு செருமல் வந்தது. சரி என்று அர்த்தம்.

என் விரல் பழக்கதோஷத்தில் பச்சைக்குப் போய்விட்டது. அப்போதுதான் நான் வாக்கியத்தைப் படித்தேன். வேலைக்குச் சேர்ந்த பிறகு நான் முழுதாகப் படித்த முதல் வாக்கியம் அதுவாக இருக்கலாம். 'அளித்த புகார்கள் அனைத்தும்.' அறையைத் திரும்பிப் பார்த்தேன். மேஜை மேல் புகார் ஒன்று ஆடிக்கொண்டிருந்தது. தீர்ந்ததாகத் தெரியவில்லை. ஒட்டகம் ஒன்று உள்ளே வந்துவிட்டது, அது பச்சையும் இல்லை. இனி இதில் சித்திக்காக அழுத்த என்ன இருக்கிறது, அண்ணனுக்காக அழுத்த என்ன இருக்கிறது? கண்ணுக்கு முன்னால் நிற்கிறதே! சிவப்பை அழுத்தினேன்.

எங்கள் வரிசையின் முடிவு: தவறு. மொத்த அலுவலகத்திலும் எங்கள் வரிசை மட்டும்தான். சித்தி என் பக்கம் திரும்பாமலே கேட்டாள்.

"என்னைப் பார்த்து அழுத்துனியா?"

"டம்ளரைப் பார்த்து."

அவள் 'ச்சை'கூடச் சொல்லவில்லை.

மறுநாளே தொட்டியைத் திறந்தார்கள். உள்ளே இறகும் எலும்புமாக ஒரு புறா, பல காலமாகக் குடியிருந்தது. நாங்கள் இத்தனை நாள் குடித்தது அதன் கஷாயத்தைத்தான். செய்தி கேட்டதும் முன்வரிசையில் இரண்டு பேர் கழிவறைக்கு ஓடினார்கள். தொட்டி கழுவப்பட்டது, குழாய் மாற்றப்பட்டது, தண்ணீர் தெளிந்தது. புகார் தீர்ந்தது. ஆகவே பலகை மறுபடியும் சரி. அது இன்றைக்கும் அதே இடத்தில் தொங்குகிறது.

அந்த வாரக் கடைசியில் சித்தியின் நாற்காலி போனது. தண்ணீரைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. 'மேட்ச் தேவையான அளவுக்குக் கீழே இருப்பதால்' என்றார்கள். அதுவும் சரி. கீழேதான் இருந்தது. இந்த மாதிரிச் சரிகளை வைத்தே ஒரு மனிதரைப் படியில் உருட்டிவிடலாம் என்று எனக்கு அன்று தெரிந்தது. என் மேட்ச் நன்றாக இருந்ததால் என்னை வைத்துக்கொண்டார்கள். செருமல் அண்ணன் சாப்பாட்டு நேரத்தில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, தன் டிபன் பாக்ஸைத் திறக்காமலே சொன்னார்: "வாலு, அன்னைக்கு நான் சரின்னு செருமலை. உண்மையாவே தொண்டை கரகரத்துச்சு. அக்காகிட்ட சொல்லிடு." அதற்குப் பச்சையா சிவப்பா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. ஆனால் அவர் அப்போது செருமாமல்தான் பேசினார்.

சித்தப்பாவுக்கு எப்படித் தெரிந்ததோ, ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே வந்துவிட்டார். இந்த முறை ஹெல்மெட்டைக் கழற்றி எங்கள் அறை ஆணியில் மாட்டினார். காரியம் முடிந்துவிட்டது என்ற தோரணையில் உட்கார்ந்தார். சித்தி சாக்குத்துணியால் தரை துடைத்துக்கொண்டிருந்தாள்.

"வேலை போயிடுச்சாமே. கதவு தெறந்துதான் இருக்கு."

"ம்."

"ஊரு ஆயிரம் பேசும். ஆனா ஒண்ணு. உனக்குக் கொடுத்த வாக்குல ஒண்ணைக்கூட நான் மீறினதில்லை. இல்லைன்னு சொல்லு பார்ப்போம்."

துணி நின்றது. சித்தி எழுந்து, ஈரக்கையை இடுப்பில் துடைத்துக்கொண்டாள். அந்த முகத்தில் நான் பார்க்காத ஒன்று வந்தது. டம்ளரை ஏந்திப் போன அன்றும் பின்னாலிருந்து பார்த்ததால் தவறவிட்டிருப்பேன்.

"இல்லைன்னு சொல்லலை. சரிதான். இத்தனை வருஷத்துல ஒரே ஒரு வாக்கு கேக்கறேன். குடுப்பீங்களா?"

"என்ன?"

"'பார்க்கலாம்'னு சொல்லக்கூடாது."

"சரி, கேளு."

"இனிமே இந்த வாசப்படி ஏற மாட்டேன்னு சொல்லுங்க."

சித்தப்பாவின் முகம் சிவந்தது. என்னைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார். ஒரு பெண் பிள்ளை முன்னால் மானம் போவதாவது! "ஏற மாட்டேன். சத்தியமா ஏற மாட்டேன், போதுமா? நானா வந்து நின்னாக் கேளு!" என்று எழுந்து, செருப்பை மாட்டிக்கொண்டு, கோபத்தோடு தடதடவென்று இறங்கிப் போனார். கோபத்தில் ஆணியைத் திரும்பிப் பார்க்கவில்லை.

பார்த்திருந்தாலும் பயனில்லை. ஹெல்மெட் அப்போதே சமையல் மூலையில், அண்டாவுக்குப் பின்னால், என் மடியில் இருந்தது.

கீழே வண்டியின் ஸ்டாண்டைத் தள்ளும் சத்தம் கேட்டது. பிறகு ஒன்றும் கேட்கவில்லை. ஜன்னலோரம் போய்ப் பார்த்தேன். தலையைத் தடவிக்கொண்டு மேலே பார்த்தார். தெருக்கோடியில் போலீஸ்காரர் நிற்பதைப் பார்த்தார். மறுபடி மேலே பார்த்தார்.

"வாலு, அவரோட ஹெல்மெட்டை எங்கடி வச்ச?" என்றாள் சித்தி, தரையைத் துடைத்தபடி.

"எந்த ஹெல்மெட்?"

படியில் காலடிச் சத்தம் தொடங்கியது. மெதுவாக, ஒவ்வொரு படியாக, திருடன் போல. வாசற்படியில் ஒரு கால் விழுந்தது, பிறகு மறுகால்.

"ஹெல்மெட்..." என்றார் சித்தப்பா.

சித்தி நிமிர்ந்து அவருடைய கால்களைப் பார்த்தாள். படிமேல் இருந்த இரண்டு கால்களையும் நன்றாக, ஒரு வாக்கியத்தைப் படிப்பது போலப் படித்தாள். பிறகு சொன்னாள்:

"ஒண்ணு மீறியாச்சு."

அந்த ஒரே வாக்கியம்தான் அவரிடம் இருந்தது, அது இப்போது செல்லாது. நான் ஹெல்மெட்டை எடுத்துக் கொடுத்தேன். உள்ளே ஒரு காகிதத் தவளையையும் வைத்துத்தான் கொடுத்தேன். அதற்குப் பிறகு அவர் வரவில்லை.

சித்தி இப்போது கீழே மெத்தைக் கடையில் வேலைக்கு இருக்கிறாள்; அறை வாடகை அதில் ஓடுகிறது. வாடிக்கையாளர்கள் வந்து, "இது முதுகு வலியப் போக்குமாம்மா?" என்று கேட்பார்கள். "தெரியாது. படுத்துப் பாருங்க" என்பாள். முதலாளிக்கு முதலில் வயிற்றெரிச்சல். ஆனால் ஜனங்கள் என்னவோ படுத்துப் பார்க்கிறார்கள், வாங்கவும் வாங்குகிறார்கள். நான் மூன்றாவது மாடிக்குப் போகும் வழியில் எட்டிப் பார்ப்பேன். மதிய வேளையில் கடை காலியாக இருந்தால், சாம்பிளுக்குப் போட்ட மெத்தையில் தலை சாய்ந்து தூங்கிக்கொண்டிருப்பாள். சத்தமில்லாமல் பக்கத்தில் போய், மூக்குச் சுளிப்பை ஆள்காட்டி விரலால் நீவிவிடுவேன்.

விரலை எடுத்ததும் பழையபடி சுளித்துக்கொள்கிறது. சில நாள், கொஞ்சம் தாமதமாக.